யாரும் நிக்காதீங்க

மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வந்த போட்டோக்காரனைப் பார்த்ததுமே மீன்கார இருசம்மாளுக்குக் குமட்டியது.

"இன்னாத்துக்குப் படம்?"

"டச்சுக் கல்லறை பாக்க வர்றவங்களுக்கு உங்க கரையைக் காட்டத்தாம்மா. ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து வச்சா, அசையுற அலையெல்லாம் புகையாக் கரைஞ்சிடும்."

படகுகளை ஓரங்கட்டச் சொன்னான். "யாரும் நிக்காதீங்க! நடந்துக்கிட்டே இருங்க!" என்று விரட்டினான். குப்பமே கூடையும் கையுமாகக் குறுக்கும் நெடுக்கும் நடந்தது.

துறைமுகம் கட்டக் கருத்துக் கேட்ட கூட்டத்தில் அந்தப் படத்தைத் திரையில் போட்டார்கள். அலை புகையாகியிருந்தது. நடந்தவர்களில் ஒருவர்கூட இல்லை. மணலில் தூங்கிய நாய் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"பாருங்க, ஆளே இல்லாத கரை" என்றார் அதிகாரி. பக்கத்தில் கைக்குட்டைக்காரன் தலையாட்டினான்.

இருசம்மாள் காறித் துப்பினாள்.

"த்தூ! அந்த நாயாட்டம் சும்மா படுத்துக் கெடந்திருந்தா, நாங்களும் தெரிஞ்சிருப்போம்டா!"