ஒரே ஒரு கையெழுத்து

பழைய காலேஜ் பஸ்ஸை வாங்கி, கட்டிலும் அடுப்பும் வைத்து ஓடும் வீடாக்கப்போவதாக ஏகப்பன் ஆரம்பித்து மூன்று வருஷமாகிவிட்டது. கையிலிருந்ததெல்லாம் கரைந்ததுதான் மிச்சம்; பஸ் வேப்பமரத்தடியை விட்டு நகரவில்லை.

“வித்துத் தொலைங்க. மழை பேஞ்சா வீடு மாதிரி இதுவுமில்ல ஒழுகுது!” என்றாள் மனைவி தேனம்மை, நூறாவது தடவையாக.

ஏகப்பனுக்கும் அலுத்துவிட்டது. வாங்க வந்த சாக்கோட்டை அருள்பாண்டி விற்பனைப் படிவத்தை நீட்டினார். ஏகப்பன் பேனாவைத் திறந்தார்.

“மத்தவுக கையெழுத்துக்கு என்ன செய்வீக?” என்று கேட்டாள் தேனம்மை.

அருள்பாண்டி விழித்தார். “மத்தவுகளா? வண்டி ஐயா பேருல இருக்கு. அவுக ஒருத்தர் போட்டாப் போதும் ஆச்சி.”

தேனம்மை திரும்பி, அவர்கள் குடியிருக்கும் அறுபது அறைப் பூர்வீக வீட்டைப் பார்த்தாள். அதற்கு நாற்பத்திரண்டு பங்காளிகள். ஒழுகுகிற இடத்தில் நாலு ஓடு மாற்றவும் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். சிங்கப்பூர்ப் பங்காளி பதினோரு வருஷமாகப் பதிலே போடவில்லை.

அவள் ஏகப்பனிடமிருந்து பேனாவை வாங்கி மூடினாள்.

“விக்கிறதா இல்லைங்க,” என்றாள் அருள்பாண்டியிடம். பிறகு பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்து, ஏகப்பனிடம், “அந்த அடுப்பை நாளைக்கே இங்குட்டு, சன்னலோரமா மாத்துங்க. யாரையும் கேக்க வேண்டாமுல்ல?” என்றாள்.