அலூக்கியின் வீட்டில் இன்று கீரை

அலூக்கி உள்ளூர் ரேடியோவுக்குப் போன் போட்டாள். தன் வீட்டில் கீரை இருக்கிறது, வேண்டியவர்கள் பையோடு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

வைத்த கையோடு கீரைப் பெட்டியை இழுத்துக் கதவருகே வைத்தாள்.

வடதுருவத்தை ஒட்டிய அந்த ஊரில் இப்படி அறிவிப்பவர்கள் வேட்டைக்காரர்கள். கடல்நாய் அடித்தாலும் சரி, கலைமான் அடித்தாலும் சரி, ரேடியோவில் சொல்வார்கள். ஊரே பையைத் தூக்கிக்கொண்டு வரும். வேட்டைக்குப் போக ஆளில்லாத வீட்டுக்காரர்களை முன்னால் நிற்கவைப்பார்கள்.

ஒன்பது வருடமாக அலூக்கி முன்னால் நிற்கிறாள். கணவன் பனிக்கட்டி உடைந்து கடலுக்குள் போன நாளிலிருந்து.

யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. மரியாதையாகத்தான் கொடுத்தார்கள். அந்த மரியாதைதான் அவளைப் பிடுங்கித் தின்றது. ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது, தானும் கொடுக்க வேண்டும்.

அதற்காகத்தான் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த கன்டெய்னரைக் கேட்டு வாங்கினாள்.

வெளியே மைனஸ் நாற்பத்தொன்று. சூரியன் முகத்தைக் காட்டி இரண்டு மாதம் ஆகிறது. உள்ளேயோ ஊதா விளக்கு எரிய, உரம் கரைத்த தண்ணீர் குழாய் குழாயாக ஓட, பிடி மண்கூட இல்லாமல் நாற்பதே நாளில் லெட்டூஸ் கீரை தளதளவென்று வளர்ந்து நின்றது. ஓடிய தண்ணீரே திரும்பத் திரும்ப ஓடியது. ஒரு வீட்டில் குளிக்கிற தண்ணீர்கூடச் செலவாகவில்லை.

தெற்கிலிருந்து விமானத்தில் வரும் கீரை பாதி அழுகித்தான் இறங்கும். இப்போது புயலில் பதினோரு நாளாக விமானமே இல்லை. கடையில் பச்சையாக இருந்தது கதவு மட்டும்தான்.

ஆனாலும் வருவார்களா?

கணவனின் தம்பி சிமியோனி, ஊரிலேயே பெரிய வேட்டைக்காரன், போன வாரம் கன்டெய்னருக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டது இன்னும் அவள் காதிலேயே நின்றது.

“ஏன் அண்ணி, வாத்து மேயுறத மனுசன் திம்பானா?”

பத்து நிமிடம் ஆயிற்று. ஒரு பயலும் வரவில்லை. இதெல்லாம் நமக்குத் தேவையா என்று தன்னையே திட்டிக்கொண்டு அலூக்கி கீரைப் பெட்டியை மூடப் போனாள்.

பனிவண்டிச் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, ஏழெட்டு.

கதவைத் திறந்தால் படியிலிருந்து தெரு வரைக்கும் வரிசை. முதல் ஆள் சிமியோனி. கையில் பை, முகத்தில் அசட்டுச் சிரிப்பு. அவனுக்குப் பின்னால், இத்தனை வருடம் அவளுக்குக் கறி வெட்டிக் கொடுத்தவர்கள் அத்தனை பேரும் பையை விரித்துக்கொண்டு நின்றார்கள்.

அலூக்கி முதல் கீரைக்கட்டை எடுத்து சிமியோனியின் பக்கம் நீட்டினாள்.

அப்போது வரிசையை முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு ஊலாயு வந்தாள். அலூக்கி பிறந்தபோது பிரசவம் பார்த்தவள். வந்த வேகத்தில் அந்தக் கட்டை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“நாப்பத்திமூணு வருசமா காத்துக்கிட்டு இருக்கேன். என் பங்கை எவனுக்குடி குடுக்குற?”

சிமியோனி சட்டென்று விலகி வழிவிட்டான். பின்னால் நின்ற வேட்டைக்காரர்களும் ஒதுங்கிக்கொண்டார்கள். ஆணோ பெண்ணோ, ஒருவர் தன் வாழ்நாளில் அடிக்கும் முதல் வேட்டை தொப்புள்கொடி அறுத்தவளுக்குத்தான் என்பது அங்கே யாருக்குத் தெரியாது?