சிவப்புக் காருக்கு மூச்சு முட்டியது

“கொலை பாய் இது, பச்சைக் கொலை!” என்று ஜெபின் போட்ட சத்தத்தில், முடிச்சூர் ரோட்டு டீக்கடையில் நின்றிருந்தவர்கள் கிளாஸும் கையுமாக ஓடி வந்தார்கள். ரத்தம், கத்தி எதுவும் கண்ணில் படவில்லை. மெக்கானிக் அயூப்பின் ஷெட்டுக்குள் சிவப்பாக ஒரு கார்தான் நின்றுகொண்டிருந்தது.

ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். பெருங்களத்தூரில் பிளாட் போட்டு விற்கும் ஜெபின் அதை வாங்கியதிலிருந்து, அது இருநூறில் பறந்த கதையைக் கேட்காத காது தாம்பரத்தில் கிடையாது. அப்பேர்ப்பட்ட வண்டி நேற்றிலிருந்து திடீரென்று இழுவை செத்துப்போய், எவ்வளவு மிதித்தாலும் தண்ணி லாரிக்கு வழி விட்டுக்கொண்டிருக்கிறதாம்.

“எவனோ கை வச்சிருக்கான் பாய். ஞாயித்துக்கெழமை ரேஸ் இருக்குன்னு தெரிஞ்ச எவனோ!”

ஷெட் வாசலில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார் சத்தியநாதன், ஜெபினின் மனைவி ரேஷ்மாவுடைய அண்ணன். போன வாரம் ஒரு ஞானஸ்நான விருந்தில், பிரியாணிக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில், வண்டலூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வரை யார் முதலில் என்று மச்சானும் மாப்பிள்ளையும் பந்தயம் பேசிவிட்டார்கள். சவால் விட்டது ஜெபின்தான்.

“என்ன மாப்ள, என்னோட பழைய டீசல் வண்டியப் பாத்ததும் உன் வண்டிக்கு ஜுரம் வந்துடுச்சா?” என்றார் சத்தியநாதன்.

“பாய், எப்படியாவது சரி பண்ணுங்க. இவர நான் புகையாலயே குளிப்பாட்டணும்!”

வெளிநாட்டு வண்டி என்றால் செங்கல்பட்டு வரைக்கும் தன்னை விட்டால் ஆளில்லை என்பது அயூப்பின் எண்ணம். எஞ்சினுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கண்ணை மூடினார். “பெட்ரோல்ல தண்ணி கலந்துகீது சார்.”

டாங்கைக் காலி செய்து புது பெட்ரோல் ஊற்றினார்கள். ஒரு மாற்றமும் இல்லை. “நெனச்சேன். பிளக்குதான்” என்றார். கழற்றிப் பார்த்தால் பிளக்குகள் கல்யாணப் பாத்திரம் போலப் பளபளத்தன. “அதையும் நெனச்சேன்.”

அடுத்து லேப்டாப்பை மாட்டினார். குறை ஒன்றும் இல்லை என்றது அது. “இதுக்கு இன்னா தெரியும், நேத்து பொறந்தது” என்று வயரைப் பிடுங்கினார்.

ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவானது. “நீங்களே ஓட்டுங்க பாய். நான் பக்கத்துல உக்காந்து சத்தத்தக் கவனிக்கிறேன்” என்றான் ஜெபின். ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி அறுபதைத் தொட்டதும் முக்க ஆரம்பித்தது. ஜெபினின் இரண்டு கைகளும் கதவுப் பிடியை விடவேயில்லை; நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. வண்டி மேல் மனுஷனுக்கு எவ்வளவு பாசம் என்று அயூப்புக்கு மனசு இளகிப்போனது.

திரும்பி வந்ததும், காற்றை உள்ளே இழுக்கும் குழாயைக் கழற்றி விரலை விட்டார். ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. இழுக்க இழுக்க வந்தது, பூப்போட்ட ஒரு துவாலை.

“காத்து போனாதானே சார் வண்டி ஓடும்? மூக்கப் பொத்திகினு ஓடுன்னா எவன் ஓடுவான்?” முதலிலிருந்தே தெரியும் என்பதுபோல் அயூப் முகத்தை வைத்துக்கொண்டார். கூட்டம் வாயைப் பிளந்தது.

ஜெபின் மச்சான் மேல் பாய்ந்தான். “எங்க வீட்டு டவல்! எங்க வீட்டுக்கு வந்து போற ஆளு நீங்கதான!”

“சத்தியமா எனக்குத் தெரியாது மாப்ள!”

“அப்ப உங்க தங்கச்சிதான்!” செல்ஃபோனை எடுத்தவன், டீக்கடை வரைக்கும் கேட்கும்படி கத்தினான். “அண்ணன் ஜெயிக்கணும்னு புருஷன் வண்டியில துணியத் திணிச்சியாடி? குடும்பமே கூட்டுக் களவாணி!” மறுமுனையில் ரேஷ்மா அழுவது பக்கத்தில் நின்ற அயூப்புக்குக் கேட்டது. துவாலையைக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாமோ என்று பட்டது அவருக்கு.

சத்தியநாதனின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. “நடுரோட்டுல வச்சு என் தங்கச்சிய இப்படிப் பேசிட்டல்ல? இருக்கட்டும். வண்டிதான் சரியாயிடுச்சே, ஞாயித்துக்கெழமை வா. பாத்துக்கலாம்.” டீசல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். வேடிக்கை முடிந்ததும் கூட்டமும் டீயைத் தேடிப் போனது.

அயூப் குழாயை மாட்டிச் சாவியைத் திருப்பினார். ஆக்சிலேட்டரைத் தொட்டதுதான் தாமதம், ஷெட்டின் தகரக் கூரையே அதிர்ந்தது.

“கேட்டீங்களா சார்? இனிமே இது காரு இல்ல, ராக்கெட்டு! அந்தத் துணிய வச்ச கஸ்மாலம் மட்டும் என் கைல மாட்டட்டும்…”

ஜெபின் ரோட்டை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தான். ஷட்டரைப் பாதிக்கு இறக்கினான். கீழே கிடந்த துவாலையை எடுத்து, தூசி தட்டி, சுருட்டி, அயூப்பின் கையில் பதவிசாக வைத்தான்.

“நான் வச்ச எடத்துலயே வச்சிடுங்க பாய்… அறுபதுக்கு மேல போனா எனக்கு மயக்கம் வரும்.”