நாற்பத்தொரு ‘சரி’

ஹெலிகாப்டரின் வால் விசிறியை மூன்றாவது முறையாக விரல் நுனியால் சுற்றிப் பார்த்தார் தேவசிகாமணி ஐயா.

அவர் எங்கள் எஸ்டேட்டின் ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசர். லாரி, டிராக்டர், காப்பிப் பழம் உரிக்கும் மிஷின் எல்லாம் அவர் பொறுப்பு. ஹெலிகாப்டர் மட்டும் சொந்தம். இரண்டு முழ நீளம் இருக்கும். மஸ்கட்டிலிருந்து மச்சினர் கொண்டுவந்தது. ஏரியல் வைத்த பெட்டி ஒன்றைக் கையில் பிடித்தபடி, தரையில் நின்றுகொண்டே ஓட்டலாம்.

நான் சின்னத்தம்பி, எஸ்டேட் லாரி டிரைவர். டிரிப் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தேன். ஐயா கையெழுத்துப் போடாமல் லாரி கேட்டைத் தாண்டக்கூடாது.

லாரியில் முப்பது பேர் பட்டுச்சேலையும் கனகாம்பரமுமாக ஏறி உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி ராசம்மாளும் இருந்தாள். எங்களோடு எஸ்டேட்டில் வேலை செய்யும் மாதையனின் தங்கைக்கு அடிவாரத்தில் கல்யாணம். பத்தரைக்கு முகூர்த்தம். மணி ஏழேகால்.

எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் ஏசுராஜ் பட்டியலை உரக்க வாசித்தார். ஐயாவே உட்கார்ந்து டைப் அடித்த நாற்பத்தொரு வரி. ஒவ்வொன்றையும் ஐயா தொட்டுப் பார்த்து ‘சரி’ என்றால்தான் அடுத்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில்கூட ஏசுராஜ் இத்தனை பயபக்தியோடு வாசித்ததில்லை.

இறக்கையில் கீறல் இல்லை. சரி.

இரண்டு இறக்கையும் ஒரே எடை. சரி.

பதினெட்டாவது வரியில் வால் பக்கத்துத் திருகாணி ஒன்று கால் சுற்று தளர்ந்திருந்தது. ஐயா புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அதைக் கழற்றித் துடைத்து, ஒரு சொட்டுப் பசை விட்டு மறுபடி முறுக்கி, காய்வதற்குப் பத்து நிமிடம் காத்திருந்தார். அந்தப் பத்து நிமிடமும் யாரையும் பேச விடவில்லை.

பிறகு, தூரத்திலிருந்து பெட்டி சொல்வதை ஹெலிகாப்டர் கேட்கிறதா என்று பார்க்க, ஏரியலை மடக்கிக்கொண்டு முப்பது தப்படி நடந்தார். ஹெலிகாப்டரைப் பிடித்துக்கொள்ளும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அங்கிருந்து அவர் குச்சியை அசைத்தார். இறக்கை சாய்ந்ததா என்று நான் சத்தம் போட்டுச் சொன்னேன். சாய்ந்தது.

கடைசி வரி, காற்று. ஒரு கிள்ளுப் புல்லைப் பறக்க விட்டுப் பார்த்தார். சரி.

ஹெலிகாப்டர் கிளம்பி சில்வர் ஓக் மரங்களுக்கு மேலே வட்டமடித்தது. மூன்று நிமிடம். பிறகு பூனை மாதிரி புல்லில் வந்து இறங்கியது. லாரியில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் பறந்தது.

இறங்கிய பிறகு பார்க்க இன்னொரு பட்டியல் இருந்தது. பன்னிரண்டு வரி.

அதுவும் முடிந்த பிறகு டிரிப் நோட்டை நீட்டினேன். பிரேக், ஸ்டியரிங், டயர், லைட், ஹாரன் என்று ஐந்து கட்டம். ஐயா நோட்டைத் தொடையில் வைத்து, பேனாவைத் தூக்காமலே ஐந்து கட்டத்துக்கும் சேர்த்து ஒரே இழுப்பு இழுத்தார்.

லாரி பத்து தப்படி தூரத்தில் நின்றிருந்தது. ஐயா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“ஐயா, பிரேக்கு மூணு மிதி மிதிச்சாத்தானுங்க புடிக்குது. போன வாரமே சொன்னனுங்க.”

“மூணாவது மிதில புடிக்குதில்ல? அப்பறம் என்னப்பா, பாத்துப் போ.”

கையெழுத்துப் போட்டுவிட்டு, ஹெலிகாப்டரைக் குழந்தையைப் போல் ஏந்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அந்த வாரம் முழுக்க அதே லாரியில் காப்பி மூட்டை ஏற்றி இறக்கியவன்தான் நான். மூட்டைகளுக்குப் பயம் கிடையாது. எனக்கும் பழகிவிட்டிருந்தது.

ஏறி உட்கார்ந்து மிதித்தேன். பெடல் தரை வரைக்கும் போனது. இரண்டாவது மிதிக்கும் போனது. பின்னாலிருந்து ராசம்மாளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. இருபது கொண்டை ஊசி வளைவு.

சாவியை உருவிக்கொண்டு இறங்கினேன். வண்டி போகாது, எல்லாரும் இறங்குங்கள் என்றேன்.

கல்யாண நாளில் வம்பு பண்ணுகிறான் என்றான் மாதையன். ஐயாவே பார்த்துக் கையெழுத்துப் போட்ட வண்டியைக் குறை சொல்ல இவன் யார் என்று ஒரு கிழவர் கேட்டார். ராசம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் முதல் ஆளாகக் குதித்தாள். மற்றவர்கள் ஏசிக்கொண்டே இறங்கி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

ரோட்டுக்கு நடந்தோம். செம்மநத்தத்திலிருந்து சேலம் போகும் பஸ் வந்தது. முட்டி மோதி ஏறினோம்.

உள்ளே தேவசிகாமணி ஐயா இருந்தார்.

சலவை வேட்டி, மடியில் காகிதம் சுற்றிய கல்யாணப் பரிசு. எங்களுக்கு முன்னால், தன் வீட்டுக்குப் பக்கத்து மேல் கேட்டிலேயே ஏறியிருக்கிறார். லாரி நின்றுபோன சேதி அவருக்கு எட்ட வழியே இல்லை.

“உங்களுக்குன்னு லாரில முன்சீட்டு வெச்சிருந்தமுங்க ஐயா” என்றாள் ராசம்மாள், வெள்ளந்தியாக.

ஐயா கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். லாரி எங்கே என்று கேட்கவில்லை.