அந்த மண்ணை மட்டும்

"இன்னா வேணா சொல்லும்மா, கேட்டுக்கறேன். அந்த மண்ண மட்டும் மாத்தச் சொல்லிடாத" என்றார் எல்லப்பன், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

வேளாண்மை அலுவலர் பானுப்ரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுண்ணாம்புக்குளத்தில் நடக்கும் மண் பரிசோதனை முகாம் அது. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாம் உரம் வந்ததா, மானியம் வருமா என்றுதான் கேட்டார்கள். மண்ணுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு வந்த முதல் ஆள் இவர்தான்.

"முதல்ல என்ன பிரச்சனைன்னு சொல்லுங்க ஐயா."

பெரியவர் துண்டு முடிச்சை அவிழ்த்தார். உள்ளே வேர்க்கடலைக் காய்கள், எண்ணினால் முப்பது தேறாது. ஒன்றை உடைத்து நீட்டினார். பருப்பின் மேல் மஞ்சளும் பச்சையுமாகப் பூஞ்சணம் பூத்திருந்தது.

பானுப்ரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஐயையோ, இதை யாராவது சாப்பிட்டீங்களா?"

"பேரப்புள்ள ஒண்ண வாயில போட்டுச்சு. கசக்குதுனு துப்பிடுச்சு. அன்னிலேர்ந்து என் மருமவ அந்த மண்ணே வேணாம்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. என் புள்ள முரளி, ஆபீசரு இன்னா சொல்றாங்களோ அதான் முடிவுனு சொல்லிட்டான். உன் கையிலதாம்மா இருக்குது."

"துப்பினவரைக்கும் நல்லது. இது விஷம் ஐயா. வறுத்தாலும் போகாது, வேகவெச்சாலும் போகாது. ஈரலைக் கெடுத்துடும். பரிசோதனைக்கு இன்னும் கொஞ்சம் காய் வேணுமே?"

"வெளைஞ்சதே அவ்ளோதாம்மா."

எல்லா விவசாயியும் பாடும் பாட்டுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். "சரி, மண்ணு?"

பையிலிருந்து ஒரு சின்ன காகிதப் பொட்டலம் வந்தது. இரண்டு பிடி இருந்தால் அதிகம்.

"அரைக் கிலோ கொண்டு வரச் சொல்லியிருந்தோமே?"

"அவ்ளோ எடுத்தா கொறைஞ்சிடும்மா."

மண்ணில்கூடக் கஞ்சத்தனமா! அலுத்துக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்தவள், இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலில் தேய்த்தாள். மணலும் வண்டலும் கலந்த பொலபொலப்பான மண். அதன் வாசனை மூக்கில் ஏறியதும் அவளுடைய கை தானாக நின்றது. ஆரம்பாக்கத்தில் அவளுடைய அப்பாவின் கடலைக் கொல்லையில் இதே வாசனைதான். பள்ளிக்கூட லீவில் செடியோடு பிடுங்கி, மண்ணை உதறி, பால் பிடித்த பருப்பைப் பச்சையாகவே தின்ற நாட்கள். இப்போது அங்கே மனைக்கல் நட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால்கூட அவள் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை.

"வாசன புடிச்சுட்ட பாரு!" எல்லப்பனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எங்க நைனா காலத்து மண்ணும்மா. கடல புடுங்கற நாள்ல ஏரிக்கரையிலேர்ந்து எலிசபெத் அக்கா ஒரு கூடை நெறைய மடவ மீனு கொண்டாரும். மீனக் கொட்டிட்டு, அதே கூடையில கடலய அள்ளிக்கினு போவும். எங்க வூட்டுக்காரி லோகாம்பா வரப்புலயே கொழம்பு கூட்டிடுவா. ஆளாளுக்கு எலையப் போட்டுக்கினு உக்காந்துடுவோம். அவளும் போய்ட்டா. அந்தக் காலமும் போயிடுச்சு."

வரிசையில் நின்றவர்கள் செருமினார்கள். பானுப்ரியா கண்டுகொள்ளவில்லை. இந்த மனிதருக்கு எப்படியாவது நல்ல வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

"தண்ணி எப்படிப் பாய்ச்சறீங்க?"

"கையாலதான் ஊத்தறேன். காலைல ஊத்தினா மத்தியானம் காஞ்சிடுது. நிக்கவே மாட்டேங்குது."

"வெயில்?"

"அத்த ஏம்மா கேக்கற, நாலு பக்கமும் சூடு ஏறுது."

"ஆடு மாடு மேய்ஞ்சு காயை மிதிச்சிருக்கா?"

"அங்க ஆடு எங்கேர்ந்து வரும்? புறாவுங்கதான் வந்து கெளறுது."

பானுப்ரியா பேனாவை எடுத்தாள். "ஐயா, இந்தப் பூஞ்சணம் எல்லா மண்ணுலயும் கொஞ்சம் இருக்கறதுதான். காய் முத்தற நேரத்துல மண்ணு காஞ்சு சூடாச்சுன்னா உள்ள புகுந்துடும். மண்ணு மேல தப்பே இல்ல."

"அப்போ மாத்த வேணாமா?"

"வேணாம். இந்தக் காயை மட்டும் யாரும் தொடாம எரிச்சிடுங்க, விதைக்கும் வைக்காதீங்க. ஒரு பருவம் கம்பு போடுங்க. அடுத்து கடலை போட்டா, கடைசி மாசம் ஈரம் காயாம பாத்துக்கங்க."

எல்லப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்த அப்டியே எழுதி சீல் வெச்சுக் குடும்மா. மருமவ நம்பணும்."

"தர்றேன். பூ விட்டு விழுது இறங்கறப்போ ஜிப்சம் போடணும், கால்சியம் இருந்தா காய் ஓடு கெட்டியாகும். ஏக்கருக்கு நூத்தறுபது கிலோ. உங்களுக்கு எத்தனை ஏக்கர்?"

பெரியவர் சுற்றிலும் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு ஏக்கரையும் வித்து ஆறு வருசம் ஆவுதும்மா, இப்போ அது இறால் குட்டை. பத்திரம் முடிஞ்ச அன்னிக்கி அள்ளிக்கினு வந்த மண்ணுதான், மீஞ்சூர்ல புள்ள வூட்டு மொட்ட மாடியில ரெண்டு பெயிண்ட் டப்பாவுல இருக்குது... அதுக்கு எத்தினி ஸ்பூன் போடணும்னு எழுதிக் குடும்மா."