அருவிக்கரையில் ஒரு முகம்

பதினொரு மணி சீசன் ஸ்பெஷல் ரயில் வருவதற்குள், ரயில்வேக்காக ஸ்டேஷன் சுவரில் தானே வரைந்த அருவி விளம்பரத்தில் சிரிக்கும் பெண்ணின் முகத்தை, டர்பன்டைனில் நனைத்த துணியால் அவசரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார் பெயிண்டர் தேவசகாயம்.

“சனம் அருவியப் பாக்கவா வருது? இந்த முகத்தப் பாத்துல்லா டிக்கெட் எடுக்கு. அதப் போயி அழிக்கீரே,” என்றான் போர்ட்டர் சுடலைமுத்து.

“இது எம் பொஞ்சாதி முகம்லா வே. என்னய நம்பி ஓடி வந்தவ. அவ அப்பா இந்த வண்டில ஏறியாச்சாம். இதப் பாத்தாருன்னா தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருவாரு.”

வண்டி வந்து நின்றது. முகமில்லாத படத்தின் முன்னால் நின்ற பெரியவர், மடியிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். ஊர் ஊராக ஒட்டுவதற்கு அச்சடித்த அதே அருவி, அதே முகம்.

“உங்க ஊர் ஸ்டேஷன்ல கிழிச்சதா?” என்றார் தேவசகாயம்.

“இல்ல தம்பி, தபால்ல வந்துது.”

பெரியவர் தாளைத் திருப்பினார். தேவசகாயத்தின் மனைவியுடைய கோணல் கையெழுத்து: ‘பதினொரு மணி வண்டிக்கு வாங்க அப்பா.’