கிருமி வளர்த்த பம்ப்

லாரி ஓட்டும் தவமணியின் காலில் ஆறாத புண் ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு கிருமி தன் கூட்டத்தோடு ராஜ்ஜியம் நடத்தியது. அதன் உடம்பில் அருமையான பம்ப் ஒன்று! எந்த மருந்து உள்ளே வந்தாலும் அடுத்த நொடியே வெளியே துப்பிவிடும்.

"வாங்க மாத்திரை அண்ணே! அதுக்குள்ள கிளம்பிட்டீங்களா?" என்று தினமும் கிருமி கேலி பேசும். மாத்திரை வாய் திறப்பதற்குள் வெளியே கிடக்கும்.

வியாழக்கிழமை தவமணியின் காலையே வெட்டி எடுத்துவிடுவதாக டாக்டர் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை, கடைசி முயற்சியாக டாக்டர் விட்ட ஒரு சொட்டு புண்ணில் விழுந்தது. அதிலிருந்து குட்டி வைரஸ்கள் கூட்டமாகக் குதித்தன.

"நீ என்ன புது மருந்தா?" என்று எதிரே நின்ற வைரஸிடம் கிருமி கேட்டது.

"மருந்தா? நான் சாக்கடையில பிறந்தவன். கிருமிதான் எனக்குச் சாப்பாடு!"

"என் பம்ப்பைப் பார்த்தியா?"

"அதைப் பிடிச்சுத்தானே ஏறணும்!" என்று வைரஸ் தாவி பம்ப்பைக் கட்டிக்கொண்டது.

கிருமி உதறியது, உருண்டது. வைரஸ் பிடியை விடவில்லை. பக்கத்தில் மற்ற கிருமிகள் பட் பட்டென்று வெடித்தன. பதறிப்போன கிருமி பம்ப்பையே பிய்த்து வீசியது. வைரஸும் அதோடு போய் விழுந்தது.

"தப்பிச்சேன்டா!" என்று கிருமி கத்தியது.

"நல்லதாப் போச்சு தம்பி. இன்னிக்குக் கொஞ்ச நேரம் இருந்துட்டே போறேன்" என்றது, வழக்கம்போல வந்து கிருமிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்ட மாத்திரை.